இதய அறுவை சிகிச்சை நிபுணராக எப்படித் தயாராக வேண்டும்?

பள்ளிப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஒரு மாணவி நான்கு கேள்விகளைக் கேட்டிருக்கிறார். இதய அறுவை சிகிச்சை நிபுணராவதற்கு இப்போதிலிருந்தே எந்தப் பாடங்களில் கவனம் செலுத்த வேண்டும்? மொத்தம் எத்தனை ஆண்டுகள் ஆகும்? இந்த வேலைக்குப் பிறவியிலேயே அமைந்த கைத்திறன் வேண்டுமா? அடைபட்ட தமனிக்குள் சிறு வலைக்குழாயை வைத்துத் திறக்கும் ஸ்டென்ட் சிகிச்சை இவ்வளவு வளர்ந்த பிறகும் இந்தத் துறைக்கு எதிர்காலம் இருக்கிறதா? இளம் அறுவை மருத்துவர்களுக்குக் கற்பிக்கும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், நான்குக்கும் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கால அளவைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லா முடிவுகளும் அதைப் பொறுத்தே அமையும். பள்ளிப் படிப்பு முடிந்த நாளிலிருந்து கணக்கிட்டால், குறைந்தது பதினொன்றரை ஆண்டுகள். பல நாடுகளில் 14 முதல் 16 ஆண்டுகள். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு, உள்ளிருப்புப் பயிற்சி ஓராண்டையும் சேர்த்து, ஐந்தரை ஆண்டுகள். அதன்பின் பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். மேற்படிப்பு மூன்று ஆண்டுகள், அதன்பின் இதயம், நெஞ்சறை, ரத்தநாளம் ஆகியவற்றுக்கான எம்.சிஎச். உயர்சிறப்புப் படிப்பு மூன்று ஆண்டுகள். எம்.பி.பி.எஸ். முடித்தவுடன் நேரடியாகச் சேரக்கூடிய ஆறாண்டுப் பயிற்சியும் உண்டு. அமெரிக்காவில் முதலில் நான்காண்டுப் பட்டப்படிப்பு, பிறகு நான்காண்டு மருத்துவக் கல்லூரி, பிறகு ஐந்தாண்டுப் பொது அறுவை சிகிச்சைப் பயிற்சி, அதற்கும் பிறகு இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் நெஞ்சறை அறுவை சிகிச்சைப் பயிற்சி. இதற்கு மாற்றாக, மருத்துவக் கல்லூரி முடிந்ததும் நேராகச் சேரும் ஆறாண்டு ஒருங்கிணைந்த பயிற்சியும் இப்போது இருக்கிறது. ஜெர்மனியில் மருத்துவப் படிப்பு ஆறு ஆண்டுகள், இதய அறுவை சிகிச்சைக்கான சிறப்புப் பயிற்சி ஆறு ஆண்டுகள். பிரிட்டனில் மருத்துவப் பட்டத்துக்குப் பின் இரண்டாண்டு அடிப்படைப் பயிற்சியும் அதைத் தொடர்ந்து பல ஆண்டு அறுவை சிகிச்சைப் பயிற்சியும் உண்டு. பதினெட்டு வயதில் தொடங்கும் ஒருவர் தன் பெயரில் பொறுப்பேற்று அறுவை சிகிச்சை செய்யும் காலத்தில் முப்பதுகளின் முற்பகுதியிலோ நடுப்பகுதியிலோ இருப்பார். இடையில் வரும் நுழைவுத் தேர்வுகளுக்காக ஓரிரு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும்.

இந்தக் கணக்கைக் கேட்டவுடன் பெரும்பாலான மாணவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: உண்மையான படிப்பு கடைசி மூன்று ஆண்டுகளில்தான் இருக்கிறது, அதற்கு முந்தையவை எல்லாம் எப்படியாவது கடந்துபோக வேண்டிய வாசல்கள். நான் இந்தப் பதிலில் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இந்த எண்ணம் தவறு என்பதைத்தான். அறுவை அரங்கில் ஒரு நோயாளி ஆபத்தான நிலைக்குச் செல்லும்போது அவரைக் காப்பாற்ற உதவும் அறிவின் பெரும்பகுதி, பள்ளியிலும் மருத்துவக் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளிலும் கற்ற அறிவுதான். கடைசி ஆண்டுகளில் கற்பது அதை விரைவாகவும் பதற்றமின்றியும் பயன்படுத்தும் பழக்கத்தை.

பள்ளிப் பாடங்களில் உயிரியலுக்குக் கொடுக்கும் கவனத்தை எல்லாரும் கொடுக்கிறார்கள். ஆகவே அதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. புறக்கணிக்கப்படுவது இயற்பியல்தான். இதயம் ஒரு பம்ப், ரத்தநாளங்கள் குழாய்கள், வால்வுகள் ஒருவழிக் கதவுகள். இவை அனைத்தும் பாய்ம இயக்கவியலின் விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. ஒரு குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால், மற்றவை மாறாத நிலையில், அதன் வழியே பாயும் திரவத்தின் அளவு பாதியாக அல்ல, பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது என்று புவாசேய் விதி சொல்கிறது. இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள இதயத் தமனியில் புதுக் குழாயை இணைக்கும்போது, தையலை அரை மில்லிமீட்டர் அதிகமாக இழுத்துவிட்டால் ஏன் அந்த இணைப்பே வீணாகக்கூடும் என்பதற்கு இந்த விதியே விளக்கம். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியான மகாதமனி ஓரிடத்தில் வீங்கத் தொடங்கினால் ஏன் மேலும் மேலும் வேகமாக வீங்குகிறது என்பதற்கு லாப்லாஸ் விதி விடை தருகிறது: ஆரம் கூடக்கூடச் சுவரின் மீதான இழுவிசையும் கூடுகிறது. ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனை அறிக்கையில் மகாதமனி வால்வின் வழியே ரத்தம் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று எழுதியிருந்தால், அந்த எண்ணை வர்க்கப்படுத்தி நான்கால் பெருக்கினால் வால்வின் இரு பக்கங்களுக்கும் இடையே அதிகபட்சம் 64 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்த வேறுபாடு இருக்கிறது என்று கிடைக்கிறது; வால்வு கடுமையாகச் சுருங்கிவிட்டது என்று முடிவு செய்கிறோம். பெர்னூலியின் சமன்பாட்டைச் சுருக்கிப் பயன்படுத்துவது தவிர இதில் வேறொன்றும் இல்லை.

வேதியியலும் அப்படியே. ரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவு சாதாரணமாக லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல். அதைவிடச் சில மடங்கு செறிவுள்ள கரைசலை இதயத் தமனிகளுக்குள் செலுத்தித்தான் இதயத்தை நிறுத்துகிறோம். வேலை முடிந்ததும் அது வெளியேறி, இதயம் மீண்டும் துடிக்கத் தொடங்குகிறது. உயிரணுச் சவ்வின் இருபுறமும் உள்ள அயனிகளின் வேறுபாடு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது என்ற பாடத்தைப் புரிந்து படித்தவருக்கு இது இயல்பாகவே விளங்கும். மனப்பாடம் செய்தவர் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். கணிதத்தில் நுண்கணிதத்தைவிடப் புள்ளியியலும் நிகழ்தகவும் உங்களுக்கு அதிகம் பயன்படும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நுழைவுத் தேர்வுகளைப் பற்றி ஒரு வரி போதும். அவை நாட்டுக்கு நாடு வேறுபடும், விதிகள் அடிக்கடி மாறும். அந்தந்த ஆண்டின் அதிகாரபூர்வ அறிவிப்பைப் பார்த்துத் தயாராவதுதான் சரி.

மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த பிறகு, முதலாண்டு முதலே தன்னை இதய அறுவை மருத்துவராகக் கருதிக்கொண்டு மற்றப் பாடங்களை ஒதுக்கும் மாணவர்கள் உண்டு. இது பெரிய இழப்பில் முடியும். இதய அறுவை சிகிச்சைக்கு வரும் நோயாளி இதயத்தை மட்டும் கொண்டு வருவதில்லை. அவருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கும், சிறுநீரகம் பாதி வேலை செய்யும், புகைத்துப் புகைத்து நுரையீரல் கெட்டிருக்கும், கழுத்துத் தமனியில் அடைப்பு இருக்கும். இதயத்தில் செய்த வேலை குறையில்லாமல் அமைந்து, அதன்பின் பக்கவாதத்தாலோ சிறுநீரகச் செயலிழப்பாலோ நெஞ்செலும்பில் ஏற்படும் தொற்றாலோ நோயாளியை இழப்பது இந்தத் துறையில் மிகவும் வருத்தமான அனுபவம். ஆகவே பொது மருத்துவம், சிறுநீரகவியல், நுரையீரல் மருத்துவம், தொற்றுநோயியல் ஆகியவற்றை முழுமனதோடு படியுங்கள். இவற்றைப் படிக்க இன்னொரு வாய்ப்பு பிற்பாடு வாய்ப்பதில்லை.

உடற்கூறியலைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். 1954-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் அறுவை மருத்துவர் வால்டன் லில்லிஹை, குழந்தைகளின் இதயத்தின் கீழறைகளுக்கு இடையேயான சுவரில் இருந்த துளைகளை மூடத் தொடங்கினார். குழந்தையின் ரத்த ஓட்டத்தை அதன் பெற்றோரின் ரத்த ஓட்டத்தோடு இணைத்து, பெற்றோரின் இதயமும் நுரையீரலும் குழந்தைக்காக வேலை செய்யும்படி வைத்து அவர் அந்தச் சிகிச்சைகளைச் செய்தார். துளையை மூடுவதில் வெற்றி கிடைத்தபோதும், சில குழந்தைகளுக்கு இதயத் துடிப்பு திடீரென்று மிகவும் குறைந்து உயிரைப் பறித்தது. காரணம், மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்தூண்டலை எடுத்துச் செல்லும் ஹிஸ் கற்றை அந்தத் துளையின் விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த இழையைத் தையல் ஊசி குத்திவிட்டால் கீழறைகளுக்குச் செய்தி போவதில்லை. அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றும் தேவையிலிருந்துதான் 1957-இல் ஏர்ல் பாக்கன் மின்கலத்தால் இயங்கும், உடலில் அணிந்துகொள்ளக்கூடிய, இதயத்தைத் துடிக்கத் தூண்டும் கருவியான பேஸ்மேக்கரை உருவாக்கினார். இன்றும் அந்தத் துளையை மூடும் மருத்துவர், கற்றை எங்கே ஓடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. அக்கம்பக்கத்து அடையாளங்களை வைத்து அது இருக்கும் இடத்தை மனத்தில் வரைந்துகொண்டு, ஊசியை விளிம்பிலிருந்து விலக்கி, வலது கீழறையின் பக்கமாக மேலோட்டமாகச் செலுத்துகிறார். இந்த வரைபடம் புத்தகத்தில் ஒரு படத்தைப் பார்த்து வருவதல்ல. உண்மையான இதயத்தைக் கையில் எடுத்து, எந்த அமைப்புக்குப் பின்னால் எது இருக்கிறது என்று மீண்டும் மீண்டும் தொட்டுப் பார்த்து வருவது. உடற்கூறியல் கூடத்தில் கிடைக்கும் ஒவ்வொரு மணி நேரத்தையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

உடலியங்கியல் அதைவிடவும் முக்கியம் என்பது என் கருத்து. ஒரு சூழ்நிலையை விவரித்தால் காரணம் புரியும். அடைப்பைத் தாண்டி ரத்தம் செல்லப் புதுக் குழாயை இணைக்கும் பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. இதயம் மீண்டும் துடிக்கிறது. இதயம் நின்றிருந்தபோது அதற்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்த இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட் இயந்திரத்தின் ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார். ஓட்டம் பாதிக்கு வந்தபோது ரத்த அழுத்தம் சரியத் தொடங்குகிறது. ஏன்? ரத்தத்தின் அளவே போதாமல் இருக்கலாம். ரத்தநாளங்கள் அளவுக்கு மீறித் தளர்ந்திருக்கலாம். இடது கீழறை களைத்திருக்கலாம். புதிதாக இணைத்த குழாய் எங்காவது மடங்கியிருக்கலாம். வலது இதயத் தமனிக்குள் காற்றுக் குமிழி போயிருக்கலாம். மல்லாந்து படுத்திருப்பவரின் உடலில் வலது இதயத் தமனியின் வாய் மேற்புறத்தில் அமைந்திருப்பதால், வெளியேறாமல் தங்கிய காற்று அதற்குள்தான் எளிதில் நுழைகிறது. இந்தக் காரணங்களில் ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு நஞ்சாகும். ரத்தம் போதாதவருக்குத் திரவம் கொடுத்தால் அழுத்தம் ஏறும். வலது கீழறை ஏற்கெனவே வீங்கிக் களைத்திருப்பவருக்கு அதே திரவத்தைக் கொடுத்தால் அது மேலும் வீங்கி முற்றிலும் நின்றுவிடக்கூடும். காற்றுக் குமிழிதான் காரணம் என்றால், மறுபடியும் இயந்திரத்தின் துணையை முழுமையாக்கி, அழுத்தத்தைச் சற்று உயர்த்தி, குமிழி நகர்ந்து போகும்வரை சில நிமிடங்கள் பொறுமையாக இருப்பதே சிகிச்சை.

இந்த முடிவை எடுக்கக் கிடைக்கும் நேரம் மிகச் சிறியது. மருத்துவர் கண்ணெதிரே உள்ள வலது கீழறையின் அசைவைப் பார்க்கிறார், திரையில் உள்ள அழுத்தக் கோடுகளைப் பார்க்கிறார், மயக்கவியல் மருத்துவர் உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோவில் என்ன தெரிகிறது என்று கேட்கிறார். இதயச் சுவர் எவ்வளவு விரிகிறதோ அந்த அளவுக்கு, ஒரு வரம்பு வரை, வலுவாகச் சுருங்கும் என்று ஃபிராங்கும் ஸ்டார்லிங்கும் கண்டறிந்ததை இரண்டாம் ஆண்டிலேயே ஒழுங்காகப் புரிந்துகொண்டவர், அந்த வரம்பு இந்த நோயாளிக்கு எங்கே இருக்கிறது என்று யோசிப்பார். அதைத் தேர்வுக்காக மட்டும் படித்தவர் பழக்கத்தின் பேரில் ஏதோ ஒரு மருந்தைச் சொல்வார். இருவருக்கும் கைத்திறன் ஒரே அளவாக இருக்கலாம். நோயாளிகளின் கதி ஒரே அளவாக இருக்காது.

இனி அறுவை சிகிச்சைப் பயிற்சிக்கு வருகிறேன். முதலில் பொது அறுவை சிகிச்சை, பிறகு இதயம் என்ற பழைய வழி சிறந்ததா, நேரடியாக இதயத்துக்கு வரும் ஆறாண்டு வழி சிறந்ததா என்ற விவாதம் நெடுநாளாக நடக்கிறது. பழைய வழியில் வருபவர், மூத்தவர்கள் அருகில் இல்லாத இரவுகளில் அவசர நோயாளிகளைக் கையாண்டு, முடிவெடுக்கும் துணிவோடு வருகிறார். புதிய வழியில் வருபவர் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் எக்கோ அறையிலும் ஆஞ்சியோகிராம் அறையிலும் அதிகக் காலம் செலவிட்டு, இந்த ஓர் உறுப்பை ஆழமாக அறிந்து வருகிறார். இரண்டிலிருந்தும் திறமையானவர்கள் வந்திருக்கிறார்கள். ஆனால் எந்த வழியில் வந்தாலும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவும் பகலும் நோயாளியின் அருகில் நிற்கும் காலம் குறைந்துவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். தான் செய்த அறுவை சிகிச்சையின் பலன் என்ன என்பதை அங்கேதான் கற்க முடியும்.

அறுவை மேசையில் பொறுப்பு படிப்படியாகத்தான் கைக்கு வரும். தொடக்கத்தில் காலிலிருந்து சிரையை எடுப்பதும், நெஞ்செலும்பைத் திறந்து மூடுவதும். பிறகு, நெஞ்சுச் சுவரின் உட்புறத்தில் ஓடும் மார்புத் தமனியைக் காயப்படுத்தாமல் பிரித்தெடுப்பது. பிறகு மகாதமனியிலும் வலது மேலறையிலும் குழாய்களைப் பொருத்தி நோயாளியை இயந்திரத்தோடு இணைப்பது. பிறகு சிரையின் ஒரு முனையை மகாதமனியில் தைப்பது. அதன்பின்தான் இதயத் தமனியில் தைக்கும் வேலையும், வால்வு மாற்றும் வேலையும் வரும். ஏற்கெனவே ஒருமுறை திறக்கப்பட்ட நெஞ்சை மறுபடியும் திறப்பது, மகாதமனியின் வளைவில் வேலை செய்வது, பிறந்த குழந்தைகளின் இதயக் குறைகளைச் சரிசெய்வது ஆகியவை எல்லாவற்றுக்கும் கடைசி. குழந்தைகளுக்கான சிகிச்சையைச் செய்ய விரும்புபவர்கள் இதற்கு மேலும் தனிப் பயிற்சி பெற வேண்டும். இந்த வரிசையில் அவசரப்படுபவர்களை நான் ஊக்குவிப்பதில்லை. சிரையை எடுப்பதைச் சிறுபிள்ளை வேலையாக நினைத்து அலட்சியமாக எடுத்தால், அதன் உட்சுவரில் ஏற்படும் சிறு காயம் பின்னாளில் அந்தப் பைபாஸ் குழாயை அடைத்துவிடும். முதல் நிலையில் கற்கும் கவனமே கடைசி நிலையிலும் தேவைப்படுகிறது.

கைத்திறனைப் பற்றிய கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன்: பிறவித் திறன் தேவையில்லை, நீண்ட பயிற்சி தேவை. இதயத் தமனியில் தைப்பதை நெருக்கமாகப் பார்த்தால் இது விளங்கும். ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள தமனியை நுண்கத்தியால் நீளவாக்கில் திறக்கிறோம். தலைமயிரைப் போன்ற மெல்லிய 7-0 அல்லது 8-0 நூலில் (முன் எண் கூடக்கூட நூல் மெலியும்), வளைந்த சிறு ஊசி. மருத்துவரின் கண்களில், பார்ப்பதை இரண்டரை மடங்கிலிருந்து நான்கு மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் லூப் கண்ணாடி. ஊசி தமனிச் சுவருக்குள் செங்குத்தாக நுழைய வேண்டும். பிறகு அதன் வளைவைப் பின்பற்றி மணிக்கட்டைச் சுழற்ற வேண்டும். நேராகத் தள்ளினால் சுவர் கிழியும். உதவியாளர் நூலைச் சரியான இறுக்கத்தில் பிடித்திருக்க வேண்டும். தளர்ந்தால் கசியும், இறுக்கினால் இணைப்பு சுருங்கும். ஒவ்வொரு தையலும் எதிர்ச் சுவரைப் பிடித்துவிடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சுற்றிவர வேண்டும். இதயம் நிறுத்தப்பட்டிருக்கும் நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் அந்தத் தசைக்குச் சுமை என்பதால், கை வேகமாக இயங்க வேண்டிய அவசியமில்லை என்றாலும், வீண் அசைவு ஒன்றுகூட இருக்கக் கூடாது. திறமையான மருத்துவரை நிதானமாகக் கவனித்தால் அவருடைய கைகள் மெதுவாகத்தான் இயங்குவது தெரியும். ஒரே வேலையை இரண்டுமுறை செய்யாததால்தான் அவர் சீக்கிரம் முடிக்கிறார்.

கையில் மெல்லிய நடுக்கம் எல்லா மனிதர்களுக்கும் உண்டு. மணிக்கட்டையோ சுண்டுவிரலையோ நோயாளியின் நெஞ்சின் மீது ஊன்றிக்கொண்டால் அது பெருமளவு அடங்கிவிடும். நரம்பு நோயால் வரும் நடுக்கம் மட்டுமே தடை. இடது கைப் பழக்கமும் தடையல்ல. பெரும்பாலான கருவிகள் வலது கைக்கென்று அமைந்தவை என்பதால் தொடக்கத்தில் கூடுதல் பயிற்சி தேவைப்படும், அவ்வளவுதான். இரு கண்களாலும் ஆழத்தை அளந்து பார்க்கும் திறன்தான் உண்மையில் அவசியம். அதில் ஐயம் இருந்தால் முன்னதாகவே கண் மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்வது நல்லது. பயிற்சிக்கு மனித அளவை ஒத்த பன்றியின் இதயம் பயிற்சிக் கூடங்களில் பரவலாகப் பயன்படுகிறது. முடிச்சுப் போடுவதை மருத்துவக் கல்லூரிக் காலத்திலேயே இரு கைகளாலும் பழகத் தொடங்கலாம். ஊசி பிடிப்பானை விரல் துளைகளில் மாட்டாமல் உள்ளங்கையில் பிடித்துச் சுழற்றுவதையும் அப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

கை எப்படி உருவாகிறது என்பதற்கு விவியன் தாமஸைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. தச்சு வேலை செய்தவர். மருத்துவம் படிக்க விரும்பிச் சேர்த்த பணம் அமெரிக்கப் பொருளாதார வீழ்ச்சியில் போய்விட, அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாலாக்கின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டௌசிக் முன்வைத்த யோசனையின்படி, உடல் நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தைகளுக்கு நுரையீரலுக்குச் செல்லும் ரத்தத்தை அதிகரிக்கும் இணைப்பை ஆய்வகத்தில் நாய்களிடம் மீண்டும் மீண்டும் செய்து பார்த்து முறைப்படுத்தியவர் தாமஸ்தான். 1944 நவம்பர் 29 அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பிளாலாக் அந்தச் சிகிச்சையை ஒரு குழந்தைக்கு முதன்முதலாகச் செய்தபோது, தாமஸ் அவருக்குப் பின்னால் ஒரு முக்காலியின் மீது நின்று வழிகாட்டினார். மருத்துவப் பட்டம் இல்லாத, கறுப்பினத்தவர் என்பதால் உரிய பதவியும் ஊதியமும் மறுக்கப்பட்ட அந்த மனிதரிடம் கற்றுக்கொண்ட இளம் மருத்துவர்கள் பலர் பின்னாளில் அந்நாட்டின் முன்னணி அறுவை மருத்துவர்களானார்கள். 1976-இல் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. அது முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாமதமாக வந்த நீதி என்பதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்ல வேண்டும்.

கேட்டவர் ஒரு மாணவி என்பதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். இத்துறையில் பெண்களின் எண்ணிக்கை இன்றும் குறைவு. ஆனால் 1960-லேயே அறுவை மருத்துவர் நீனா பிரான்வால்ட், தானே வடிவமைத்த செயற்கை மைட்ரல் வால்வை (இதயத்தின் இடப்புற மேலறைக்கும் கீழறைக்கும் இடையேயுள்ள வால்வு) நோயாளி ஒருவருக்குப் பொருத்திய குழுவுக்குத் தலைமை தாங்கினார். பயிற்சிக் காலமும் குடும்பம் அமைக்கும் காலமும் ஒன்றோடொன்று மோதுவது உண்மை. அதைத் தனிப்பட்ட பலவீனமாகக் கருதாமல், மகப்பேறு விடுப்பையும் பயிற்சியை மீண்டும் தொடர்வதையும் பற்றி அந்த நிறுவனத்தின் விதி என்ன என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுவதில் தவறில்லை. பணி நேரத்தைப் பற்றியும் கேளுங்கள். அமெரிக்காவில் 2003 முதல் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 80 மணி நேரம் என்ற வரம்பு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி சராசரியாக 48 மணி நேரம். உறங்காமல் உழைப்பதைப் பெருமையாகப் பேசும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. உறக்கமில்லாத கண்ணால் 8-0 நூலைப் பார்ப்பது நோயாளிக்குச் செய்யும் அநீதி என்றுதான் நான் கருதுகிறேன்.

புள்ளியியலைப் பற்றிச் சொல்வதாக முன்பு எழுதியிருந்தேன். இந்தத் துறையில் மிகக் கடினமான திறன், யாருக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், யாருக்குச் செய்யக் கூடாது என்று தீர்மானிப்பது. நோயாளியின் வயது, சிறுநீரகத்தின் நிலை, இதயத்தின் வலு முதலியவற்றைக் கொண்டு அபாயத்தைக் கணக்கிடும் யூரோஸ்கோர் போன்ற முறைகள் இருக்கின்றன. கணக்கீடு ஐந்து சதவீதம் என்று சொன்னால், அது எந்த வகை நோயாளிகளை வைத்து உருவான எண், எதிரே இருக்கும் இவருக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று எடைபோடத் தெரிய வேண்டும்; அதை அவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் பயமுறுத்தாமலும் மறைக்காமலும் எளிய சொற்களில் விளக்கவும் தெரிய வேண்டும். இதற்கு எண்ணறிவோடு மொழியறிவும் தேவை. தாய்மொழியில் தெளிவாகப் பேசவும் எழுதவும் பள்ளியில் கிடைக்கும் பயிற்சியை அற்பமாக நினைக்காதீர்கள்.

நான்காவது கேள்வி எதிர்காலத்தைப் பற்றியது. 1977-இல் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் இதயத் தமனியின் அடைப்பைப் பலூனால் விரித்தபோதும், 2002-இல் அலன் கிரிபியே நெஞ்சைத் திறக்காமலேயே மகாதமனி வால்வைப் பொருத்தியபோதும், இதய அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது என்று பலரும் பேசினார்கள். முடியவில்லை, மாறியது. சர்க்கரை நோயோடு பல தமனிகளில் அடைப்பும் உள்ளவர்களிடம் ஸ்டென்டையும் பைபாஸையும் ஒப்பிட்டு 2012-இல் வெளியான ஃப்ரீடம் ஆய்வில், பைபாஸ் செய்தவர்களுக்கு இறப்பும் மாரடைப்பும் குறைவாக இருந்தன. பக்கவாதம் மட்டும் சற்று அதிகமாக இருந்தது. மகாதமனியின் உட்சுவர் கிழிந்து வரும் அவசர நிலை, வால்வைக் கிருமிகள் அரித்த நிலை, மைட்ரல் வால்வைச் செப்பனிடுவது, பிறவிக் குறைகள், இதய மாற்று, செயற்கைப் பம்ப் பொருத்துவது ஆகியவற்றில் பெரும்பாலானவை இன்றும் அறுவை மருத்துவரின் கையில்தான் இருக்கின்றன. வாதக் காய்ச்சலால் வால்வுகள் கெடும் நோய் உலகின் பல பகுதிகளில் இளம் வயதினரை இன்னும் வாட்டுகிறது. அதே வேளையில், சிக்கல் குறைந்த நோயாளிகள், ரத்தநாளத்தின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்திச் செய்யும் கதீட்டர் சிகிச்சைக்குச் செல்வதால், அறுவை மேசைக்கு வருபவர்கள் முன்பைவிட வயதானவர்களாகவும் பல நோய்கள் உள்ளவர்களாகவும் இருக்கிறார்கள். ஆகவே நீங்கள் பயிற்சிக்கு வரும் காலத்தில் கதீட்டரையும் கம்பியையும் எக்ஸ்ரே திரையைப் பார்த்துக் கையாளவும் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கற்காத இதய அறுவை மருத்துவர், இதய நோய் மருத்துவர்களோடு சேர்ந்து முடிவெடுக்கும் கூட்டத்தில் பாதிச் செய்தியோடுதான் உட்கார்ந்திருப்பார்.

சிறப்புப் பயிற்சிக்கு இடம் தேர்ந்தெடுக்கும் நாள் வரும்போது, மருத்துவமனையின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கே ஆண்டுக்கு எத்தனை சிகிச்சைகள் நடக்கின்றன என்பதைவிட, அவற்றில் எத்தனையைப் பயிற்சி மருத்துவர்கள் மூத்தவரின் மேற்பார்வையில் தாங்களே செய்கிறார்கள் என்று கேளுங்கள். இறப்புகளையும் சிக்கல்களையும் யாரையும் குற்றவாளியாக்காமல் அலசும் கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, பயிற்சி மருத்துவர்களுக்கு அதில் பேச இடமிருக்கிறதா, கதீட்டர் அறையில் அவர்களுக்கு முறையான பங்கு உண்டா என்று விசாரியுங்கள். துறைத் தலைவர் சொல்லும் பதிலோடு நின்றுவிடாமல், கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அங்கே பயிற்சி முடித்து வெளியேறியவர்களைத் தேடிப் பேசுங்கள். தனியாகப் பொறுப்பேற்ற முதலாண்டில் எந்தச் சிகிச்சைகளைத் தாங்களே செய்தார்கள், எவற்றுக்கு மூத்தவரைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள் என்று கேட்டாலே அந்தப் பயிற்சியின் தரம் உங்களுக்குத் தெரிந்துவிடும்.